மின்னி பேயிலிருந்து மஞ்சேரி வரை

போர்ட் பிளேர் துறைமுகத்தின் உட்பக்கத்தில், ஜங்லிகாட்டைத் தாண்டிப் போனால் மின்னி பே. 2024 செப்டம்பரில் நகரத்தின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான். அலையில்லாத தண்ணீர், கரையோரம் அலையாத்தி மரங்கள், கடற்படையின் நடமாட்டம். கடற்கரை தேடி வருகிற சுற்றுலாக்காரருக்கு இங்கே வேலை எதுவுமில்லை. ஆனால் இந்தத் தீவுகளில் யார் யார் வாழ்கிறார்கள் என்பதை அறிய இது நல்ல இடம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார் தீவுகளின் மொத்த மக்கள் 3,80,581. அதில் வங்காளம் தாய்மொழியானவர்கள் நூற்றுக்கு 28 பேர், தமிழர் 15, தெலுங்கர் 13, நிகோபாரியரும் மலையாளிகளும் தலா ஏழு பேர் சொச்சம். ஒரே தெருவில் நான்கு மொழி கேட்கும். சண்டையும் சமாதானமும் இந்தியில் நடக்கும். வங்காளிக்குக் கொல்கத்தா மைதானத்தின் இரண்டு பெரிய கிளப்புகளில் ஒன்று குலச்சொத்து. மலையாளிக்குக் கேரள அணி. தமிழருக்குப் பெரும்பாலும் கிரிக்கெட்தான் முதல் காதல் என்பதை மறைத்துப் பயனில்லை. இத்தனை பேருக்கும் பொதுவாக ஒரு அணி உண்டென்றால் அது மாநிலங்களுக்கிடையேயான சந்தோஷ் டிராபியில் ஆடும் அந்தமான் நிகோபார் கால்பந்து அணி. அந்த அணியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பெருமையைவிடப் பெருமூச்சே அதிகம் வெளிவருகிறது: மக்கள் குறைவு, நம் பையன்களுக்கு உடம்பு போதாது, தேர்வில் கோளாறு, கோச் சரியில்லை. இந்த நான்கு காரணங்களில் முதல் இரண்டும் தவறு, பின்னிரண்டும் சின்ன விஷயம் என்பது என் வாதம்.

தோல்வியிலிருந்தே ஆரம்பிக்கலாம். 2021 டிசம்பரில் கொச்சி ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் நடந்த தென்மண்டலத் தகுதிச் சுற்றில் கேரளம் அந்தமானை 9–0 என்று வீழ்த்தியது. குழுவில் நான்கு அணிகள்: கேரளம், லட்சத்தீவு, புதுச்சேரி, அந்தமான். ஒன்பது கோல் என்றதும் மனம் ஒரு முடிவுக்குத் தாவிவிடுகிறது, இந்த அணி இந்தப் போட்டிக்கே தகுதியற்றது என்று. கொஞ்சம் பொறுக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2019 நவம்பரில், கோழிக்கோட்டில் இதே கேரளம் தமிழ்நாட்டை 6–0 என்று வென்றது. ஏழு கோடிக்கு மேல் மக்களும் கால்பந்துக்குப் பெயர்போன வியாசர்பாடியும் கொண்ட மாநிலம் ஆறு வாங்கியது. நாலு லட்சத்தைத் தொடாத தீவுக்கூட்டம் ஒன்பது வாங்கியது. மக்கள்தொகைதான் காரணம் என்றால் இந்த இரண்டு எண்களும் இவ்வளவு அருகே இருக்கக் கூடாது. இன்னொன்று: 2022 ஏப்ரலில் கேரளத்தின் மஞ்சேரியில் நடந்த அரையிறுதியில் கர்நாடகம் கேரளத்திடம் 7–3 என்று சிதறியது, மாற்று ஆட்டக்காரராக இறங்கிய நிலம்பூர் இளைஞர் ஜெசின் ஒருவரே ஐந்து கோல் போட்டார். அடுத்த மார்ச்சில், ரியாத்தில், மேகாலயத்தை 3–2 என்று வென்று கோப்பையைத் தூக்கியது யார்? அதே கர்நாடகம், ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட காத்திருப்புக்குப் பிறகு. ஒரு நாள் கோல் கணக்கு ஒரு அணியின் வருங்காலத்தைச் சொல்லாது. வேறு ஏதோ சொல்கிறது. அது என்ன என்பதுதான் கேள்வி.

மின்னி பேயிலிருந்து தெற்கே கிளம்பி, கராச்சர்மா வழியாகத் தென்மேற்கில் திரும்பும் சாலை அந்தக் கேள்விக்குப் பாதி பதிலைத் தருகிறது. சிப்பிகாட்டில் சாலையின் ஓரம் முன்பு வயலாக இருந்த நிலத்தில் கடல்நீர் நிற்கிறது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் சற்றே தாழ்ந்ததன் விளைவு. அதைக் கடந்து தோப்புகளும் காடும் மாறி மாறி வந்து, வண்டூர் கடற்கரையை நெருங்கும்போது மஞ்சேரி என்று ஒரு ஊர் வரும். தெற்கு அந்தமானில் மலப்புறம், திரூர், காலிகட் என்றும் ஊர்கள் உண்டு. 1921 மலபார் கிளர்ச்சிக்குப் பிறகு நாடுகடத்தப்பட்ட மாப்பிளா முஸ்லிம் கைதிகள் தாங்கள் விட்டுவந்த ஊர்ப் பெயர்களையே குடியேறிய காட்டுக்கும் இட்டார்கள். பின்னர் அவர்களில் பலருடைய குடும்பங்களும் வந்து சேர்ந்தன. வண்டூர், மஞ்சேரி, மலப்புறம், நிலம்பூர் என்று இந்தப் பெயர்களைக் கேரளத்தில் உச்சரித்தால் எந்த ரசிகருக்கும் நினைவு வருவது கால்பந்து. இந்தியாவிலேயே பந்துக்கு மிகவும் பைத்தியமான மாவட்டம் மலப்புறம். 2022 மே 2 அன்று கேரளம் ஏழாவது முறையாகச் சந்தோஷ் டிராபியை வென்றது அந்த மஞ்சேரியில், பையநாடு ஸ்டேடியத்தில், வங்காளத்தை டை-பிரேக்கரில் வீழ்த்தி. ஆக ஒரே மண்ணின் மக்கள் இரண்டு மஞ்சேரிகளில் நூறாண்டாக வாழ்கிறார்கள். ஒன்றில் கோப்பை, இன்னொன்றில் பெருமூச்சு. உடம்பும் ரத்தமும்தான் காரணம் என்று சொல்பவர் இதற்கு என்ன விளக்கம் தருவார்? ஒரு சமூகத்தை வைத்து முழு அணியையும் அளக்க முடியாது என்பது சரிதான். ஆனாலும் வரலாறு இவ்வளவு தெளிவான ஒப்பீட்டை அடிக்கடி நம் கையில் தருவதில்லை.

இரண்டு மஞ்சேரிகளுக்கும் உள்ள வித்தியாசம் ஆட்டங்களின் எண்ணிக்கை. மலபாரில் மழை ஓய்ந்ததும் செவன்ஸ் தொடங்கும். அணிக்கு ஏழு பேர், சுற்றிலும் மூங்கில் கேலரி, இரவு விளக்கு, டிக்கெட், வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் உட்பட ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. அடுத்த மழை வரும் வரை ஊர் மாற்றி ஊர் ஓடும். கால்பந்து நிர்வாகிகள் இதை அதிகாரபூர்வமான ஆட்டமாக ஏற்பதில்லை. செவன்ஸ் ஆடுகிறவனுக்கு முழு மைதானத்தில் இடம் புரியாது, காலும் கெடும் என்று பயிற்சியாளர்கள் முணுமுணுப்பார்கள். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் பதினாறு வயதுப் பையன், தன்னைவிட முரடான, தன்னைவிட அனுபவசாலியான எதிராளியை, காசு கொடுத்துப் பார்க்க வந்த கூட்டத்தின் முன்னால், வாரத்தில் பல நாள் சந்திக்கிறான். பந்து காலுக்கு வரும் முன்பே அடுத்து என்ன என்று முடிவு செய்யும் பழக்கம் அங்கே வருகிறது. பயிற்சி முகாமில் கூம்புகளைச் சுற்றி ஓடினால் அது வராது. அதற்கு மேலே கிளப் லீக், கல்லூரிப் போட்டி, கேரள பிரீமியர் லீக் என்று படிகள். கேரளச் சட்டையைப் போடும் ஒருவன் அதற்கு முன் நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் தோற்றும் ஜெயித்தும் வந்திருக்கிறான். எதிரே நின்ற தீவு அணிக்கு 2021-இல் கிடைத்த தேசிய ஆட்டங்கள் மொத்தம் மூன்று. குழு பெரிதாக அமைந்தால் ஒன்றிரண்டு கூடும். அதற்குப் பிறகு அடுத்த ஆண்டுவரை வெளியிலிருந்து எதிரணி இல்லை.

உடம்பு போதாது என்ற வாதத்தைத் தீவுகளே வேறொரு விளையாட்டில் உடைத்துக் காட்டியிருக்கின்றன. சுனாமியில் சிறுமியாக மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு நாட்கணக்கில் உயிர் தப்பிய டெபோரா ஹெரால்ட், 2015-இல் 500 மீட்டர் சைக்கிள் ஓட்டத்தில் உலகத் தரவரிசையில் நான்காம் இடம்வரை ஏறினார். நிகோபாரின் ஈசோ ஆல்பன் 2018-இல் சுவிட்சர்லாந்தின் ஏகில் நகரில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் கெய்ரின் பிரிவில் வெள்ளி வென்றார். அதற்கு முன் சைக்கிளில் இந்தியாவுக்கு உலகப் போட்டிப் பதக்கம் கிடையாது. அடுத்த ஆண்டு ஜெர்மனியில் மணிப்பூர் இளைஞர்களோடு சேர்ந்து அணி ஸ்பிரிண்டில் தங்கமே வாங்கினார். தொடைவலிமையும் வேகமும் வெடிப்பும் கால்பந்துக்கு வேண்டாதவையா? இதில் கதைக்காரர்கள் கற்பனை செய்யத் துணியாத ஒரு விஷயமும் இருக்கிறது. கார் நிகோபாரிலிருந்து வந்த இன்னொரு வேக சைக்கிள் வீரரின் பெயர் டேவிட் பெக்காம். அந்த மணிப்பூர் இளைஞர்களில் ஒருவரின் பெயர் ரொனால்டோ. பெக்காமும் ரொனால்டோவும் ஒரே இந்திய அணியில் இருந்தார்கள், சைக்கிள் மிதித்துக்கொண்டு. கால்பந்து ஆசையில் பெயர் வைத்த தீவு, பிள்ளையைச் சைக்கிளில்தான் உலகத்துக்கு அனுப்ப முடிந்தது. ஏன்? சைக்கிள் பந்தயத்தில் முதல் எதிராளி கடிகாரம். கடிகாரத்துக்குக் கப்பல் டிக்கெட் எடுக்க வேண்டாம். போர்ட் பிளேரில் தனியாக ஓட்டினாலும் நேரம் பொய் சொல்லாது. நேரம் நன்றாக இருந்தால் அந்த ஒருவரைத் தில்லிக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்துவிடலாம். கால்பந்தில் எதிராளி பதினொரு மனிதர்கள். அவர்களைச் சந்திக்க முழு அணியும் நகர வேண்டும், அல்லது அவர்கள் வர வேண்டும். நடுவில் சென்னை வரைக்கும் சுமார் 1,200 கிலோமீட்டர் கடல்.

இங்கே அயர்லாந்தைப் பார்ப்பது உதவும். கெயிலிக் கால்பந்து என்பது அந்த நாட்டின் சொந்த ஆட்டம். அணிக்குப் பதினைந்து பேர், பந்தைக் கையாலும் தொடலாம், ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. கவுண்டி என்ற மாவட்டம்தான் அணி. கிளப் மாறுவது போல ஆசைப்பட்ட கவுண்டிக்கு ஆட முடியாது. பிறந்த ஊரோ ஆடும் உள்ளூர் கிளப்போதான் சட்டையைத் தீர்மானிக்கும். அதனால் ரசிகர் பேச்சில் ஒரு தனி வகைப் பாசமும் கசப்பும் இருக்கும். வெளியிலிருந்து நட்சத்திரம் வாங்க வழியில்லாத இடத்தில், எதிர்காலம் பற்றிய பேச்சு எல்லாம் உள்ளூர் பதினெட்டு வயதுப் பையன்களைப் பற்றியதாகவே இருக்கும். மக்கள்தொகையில் அந்த நாட்டின் மிகச்சிறிய கவுண்டி லீட்ரிம். 2022 கணக்கெடுப்பில் மக்கள் 35,199. நம் நிகோபார் மாவட்டத்தின் 2011 மக்கள்தொகை 36,842. எதிரே டப்ளின், பதினாலு லட்சத்துக்கு மேல். லீட்ரிம் தன் மாகாணமான கொனாக்டின் பட்டத்தை வென்றது வரலாற்றில் இரண்டே முறை, 1927-இலும் 1994-இலும். ஆனாலும் லீட்ரிம் ரசிகர் தன் அணிக்கு எதிர்காலமே இல்லை என்று சொல்வதில்லை. காரணம் உணர்ச்சி மட்டும் அல்ல. அங்கே தேசிய லீக் நான்கு பிரிவு, பிரிவுக்கு எட்டு அணி. எவ்வளவு சிறிய கவுண்டியானாலும் தனக்கு ஏறத்தாழச் சமமான ஏழு அணிகளோடு ஆண்டுதோறும் ஏழு ஆட்டம் உறுதி. அது முடிந்தபிறகுதான் சாம்பியன்ஷிப்.

அந்த ஏழு ஆட்டம் என்ன செய்யும் என்பதற்கு அண்மைய சான்று உண்டு. 2023 ஏப்ரலில் லீட்ரிம் கடல் கடந்து நியூயார்க் போய், புலம்பெயர்ந்தோரின் அணியிடம் பெனால்டி முறையில் தோற்றது. சாம்பியன்ஷிப் வரலாற்றில் நியூயார்க்குக்கு அதுதான் முதல் வெற்றி. ஒரு கவுண்டிக்கு இதைவிடப் பெரிய அவமானம் அரிது. அடுத்த ஆண்டு லீக்கில் அதே லீட்ரிம் நான்காம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு ஏறியது. 2025-இல் மறுபடி இறங்கியது. ஏறினார்கள், இறங்கினார்கள், ரசிகருக்கு அளவுகோல் ஒன்று கிடைத்தது. போன ஆண்டு எவரிடம் தோற்றோம், இந்த ஆண்டு அவரை வென்றோமா, முன்னணியில் புதிதாக வந்த பையன் ஏழு ஆட்டத்தில் எத்தனை முறை குறி தவறினான் என்றெல்லாம் பேச முடிகிறது. அந்தமான் ரசிகருக்கு இந்த வசதி இல்லை. மூன்று ஆட்டம், அதில் ஒன்று நாட்டின் சிறந்த அணியோடு. அதிலிருந்து கோச் நல்லவரா, தேர்வு நியாயமா என்று யாராலும் சொல்ல முடியாது. தேர்வாளரையும் கோச்சையும் பற்றிய சண்டையைச் சின்ன விஷயம் என்று முதலில் சொன்னதற்கு இதுதான் காரணம். அவர்களிடம் குறையே இருக்காது என்று அர்த்தமல்ல. குறையைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு ஆட்டம் நடக்கவில்லை.

இதற்கு வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஐரோப்பிய உதாரணம் எல்லாம் பணக்கார நாடுகளுடையது என்பார்கள். நியாயம். யூரோ 2016-இல் இங்கிலாந்தை வென்ற ஐஸ்லாந்தின் மக்கள்தொகை அப்போது சுமார் மூன்று லட்சத்து முப்பதாயிரம், அந்தமானைவிடக் குறைவு என்று சொல்லிக் கைதட்டு வாங்குவது எளிது. ஆனால் கூரை போட்ட முழு மைதானங்களையும் ஊருக்கு ஊர் சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர்களையும் வைத்திருக்கும் நாட்டோடு நம் தீவுகளை நிறுத்துவது நேர்மையல்ல. ஆகவே ஐஸ்லாந்தை விட்டுவிட்டுப் பேரோ தீவுகளை எடுத்துக்கொள்வோம். ஐம்பதாயிரம் சொச்சம் மக்கள், மழையும் காற்றும், பாறை. 1990 செப்டம்பரில் தங்கள் முதல் யூரோ தகுதி ஆட்டத்தில் ஆஸ்திரியாவை 1–0 என்று வென்றார்கள். அந்த 'சொந்த ஊர்' ஆட்டம் நடந்தது சுவீடனில். ஏனென்றால் அப்போது பேரோவில் விதிப்படியான ஒரு புல் மைதானம்கூட இல்லை. மைதானமே இல்லாதவர்கள் எதை வைத்து ஜெயித்தார்கள்? அவர்களுடைய உள்ளூர் லீக் 1942-இலேயே தொடங்கிவிட்டது. ஃபிஃபாவில் சேர்ந்தது 1988-இல். உலகம் அவர்களைக் கவனிக்கும் முன்பே நாற்பது ஆண்டுக்கு மேல் தீவுக்குத் தீவு படகேறிப் போய் ஒருவரோடு ஒருவர் மோதியிருந்தார்கள். பெருந்தோல்விகளும் பின்னர் வந்தன. அதனால் லீக்கை யாரும் நிறுத்தவில்லை. பணம் பின்னால் வந்தது. முதலில் வந்தது கால அட்டவணை.

கால அட்டவணை என்று சொல்வது எளிது. மின்னி பேயை அடுத்து வடக்கே ஹேடோ துறையில் சென்னைக் கப்பலும் கொல்கத்தாக் கப்பலும் கட்டியிருக்கும். பீனிக்ஸ் பேயிலிருந்து தீவுகளுக்கிடையேயான படகுகள் கிளம்பும். போர்ட் பிளேரிலிருந்து கார் நிகோபார் சுமார் 270 கிலோமீட்டர், நடுவில் பத்து டிகிரி கால்வாய். மழைக்காலத்தில் அந்தக் கடல் கப்பலையே யோசிக்க வைக்கும். கிரேட் நிகோபாரின் கேம்ப்பெல் பே அதைப்போல இரண்டு மடங்கு தூரம். வடக்கே டிக்லிபூர் சாலையில் ஒரு முழு நாள். இதற்கு மேல் நிகோபார் பழங்குடிப் பாதுகாப்புப் பகுதி. 1956 ஒழுங்குமுறைப்படி வெளியார் அனுமதியில்லாமல் போக முடியாது. ஆகவே வாரம் ஒரு ஆட்டம், இங்கே ஒன்று அங்கே ஒன்று என்ற வழக்கமான லீக் முறை இங்கே ஒத்துவராது என்பது உண்மை. ஆனால் ஒத்துவராதது அந்த வடிவம் மட்டும்தான். கார் நிகோபாரில் கால்பந்து ஊர் விளையாட்டு. மூஸ், பெர்க்கா, மலாக்கா, லபாதி என்று கிராமங்கள் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. அங்கே தனியாக ஒரு லீக், தெற்கு அந்தமானில் தனியாக ஒரு லீக், வடக்கில் ஒன்று என்று அந்தந்த இடத்திலேயே பத்துப் பதினைந்து ஆட்டம் நடத்தலாம். பிறகு காய்ந்த மாதங்களில், கடல் அமைதியான ஜனவரி முதல் ஏப்ரல் வரைக்குள், ஒரு கப்பல் பயணத்தில் போய் இரண்டு வாரம் தங்கி ஆறேழு ஆட்டம் ஆடித் திரும்பலாம். பயணம் ஒன்று, ஆட்டம் பல. தீவு லீக்குக்கு இதைவிட மலிவான வடிவம் தெரியவில்லை. அரசுக் கப்பல்கள் மானியக் கட்டணத்தில்தான் ஓடுகின்றன. முப்பது பேருக்கு இடம் ஒதுக்குவது நிர்வாகத்துக்கு மனம் வேண்டிய காரியமே தவிரப் பெரும் பணம் வேண்டிய காரியம் அல்ல.

மைதானம் இல்லையே என்பார்கள். தீவுகளின் பரப்பில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் காடு, மிச்சத்திலும் மேடு அதிகம், இருந்த சமநிலத்தில் ஒரு பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. எல்லாம் சரி. பேரோ உதாரணம் இதற்கும் பாதி பதில். மீதிப் பதில் மலபாரின் செவன்ஸ்: முழு மைதானம் கிடைக்காத இடத்தில் அரை மைதானத்தில் ஏழு பேர் ஆடினார்கள், அதிலிருந்து சாம்பியன்கள் வந்தார்கள். மாப்பிளா ஊர்களில் அந்த ஆட்டத்தைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதுகூட இருக்காது.

இந்தியாவுக்குள்ளேயே ஒரு சான்று கேட்டால் மிசோரம் இருக்கிறது. 2011-இல் பதினொரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள், மலை, சமநிலம் அரிது, பெருநகரங்களிலிருந்து தூரம். 2000-களில் மிசோ இளைஞர்கள் ஒவ்வொருவராக வெளியே போய்ப் பேர் வாங்கினார்கள். ஷைலோ மல்சாம்த்லுவாங்கா டாடா கால்பந்து அகாதெமி வழியாகக் கொல்கத்தாவுக்குப் போய் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களின் செல்லமானார். ஆனால் மாநில அணி பெரிதாக எதையும் வெல்லவில்லை. 2012-இல் உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சி நிறுவனத்தின் ஆதரவில் மிசோரம் பிரீமியர் லீக் தொடங்கியது. 2014-இல் சந்தோஷ் டிராபி மிசோரத்துக்கு வந்தது. இறுதியாட்டத்தில் ரயில்வேயை 3–0 என்று வென்றார்கள். 2017-இல் ஐசால் எஃப்சி ஐ-லீக்கையே வென்றது. லீக்தான் ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன். திறமை முன்பே இருந்தது, செயற்கைப் புல் வந்தது, தேவாலயமும் ஊர்ச் சங்கங்களும் துணை நின்றன. ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். தனி நட்சத்திரங்கள் வந்து பத்தாண்டு வரை மாநில அணி மாறவில்லை. லீக் வந்து இரண்டே ஆண்டில் மாறியது. அந்தமானில் இப்போது சைக்கிளில் நடப்பது மிசோரத்தின் முதல் கட்டம் போன்றது: ஒவ்வொருவராக வெளியே போய் வெல்வது.

அடுத்து, தேசியப் போட்டியின் வடிவம். தீவு அணிகளையும் சிறு மாநிலங்களையும் தனிப் பிரிவாக வைத்து இரண்டாம் அடுக்குச் சந்தோஷ் டிராபி நடத்தலாமா? இளையோர் போட்டிகளில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஏற்கெனவே இரண்டு அடுக்கு முறையைக் கொண்டுவந்துவிட்டது. மூத்தோருக்கும் வேண்டும் என்பதே என் எண்ணம். இதற்கு ரசிகர்களிடமிருந்தே எதிர்ப்பு வரும்: எங்களை ஒதுக்குகிறீர்களா, கேரளத்தோடும் வங்காளத்தோடும் ஆடினால்தானே கற்க முடியும் என்று. முதல் கேள்வியில் தன்மானம் இருக்கிறது. அயர்லாந்திலும் அதுவே எழுந்தது. 2004-இல் சிறு கவுண்டிகளுக்கு டாமி மர்ஃபி கோப்பை என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். யாரும் மதிக்கவில்லை, 2008-க்குப் பிறகு மூடிவிட்டார்கள். 2022-இல் மறுபடி டால்ட்யன் கோப்பை என்று தொடங்கியபோது ஒரு முக்கியமான விஷயத்தை மாற்றினார்கள். வென்ற கவுண்டிக்கு அடுத்த ஆண்டு சாம் மகுவயர் கோப்பைக்கான முதல்தரப் போட்டியில் இடம் உறுதி. முதல் கோப்பையை வென்ற வெஸ்ட்மீத் அப்படித்தான் மேலே போனது. கதவு திறந்திருக்கும் இரண்டாம் அடுக்கு அவமானமாகத் தெரியவில்லை. மூடிய கதவுதான் அவமானமாகத் தெரிந்தது. இரண்டாவது கேள்விக்கு, அதாவது பெரிய அணியோடு ஆடினால் கற்கலாம் என்பதற்கு, 9–0 ஆட்டமே பதில். தொண்ணூறு நிமிடமும் சொந்தப் பெனால்டி பகுதிக்குள் அடைபட்டுக் கிடந்த அணி பந்தைத் துரத்தக் கற்றிருக்கும். பந்தோடு என்ன செய்வது என்பதைக் கற்க வாய்ப்பே இருந்திருக்காது. லட்சத்தீவு 2017-இல் முதன்முறையாகச் சந்தோஷ் டிராபிக்கு வந்தபோது தெலங்கானாவை வென்றது. அறுபத்தைந்தாயிரம்கூட இல்லாத மக்கள் மாநிலம் ஒன்றை வென்ற அந்த ஆட்டத்தில் இரு பக்கமும் பந்து ஓடியிருக்கும். அதில் கிடைத்த படிப்பு வேறு. லட்சத்தீவுப் பிள்ளைகள் பலர் கேரளத்தில் தங்கிப் படித்து அங்கேயே ஆடுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஆட்ட எண்ணிக்கை பற்றிய வாதம் இன்னும் இறுகுகிறது.

கடைசியாக ஒரு ஆட்சேபம் மிஞ்சுகிறது, எனக்கு அதுதான் உண்மையிலேயே கடினமானது. லீக் நடத்தி, நல்ல பையன்களை உருவாக்கினால், அவர்கள் தீவில் நிற்பார்களா? படிப்புக்கும் வேலைக்கும் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ கப்பலேறுவது இங்கே வாழ்க்கை முறை. ராணுவத்திலோ ரயில்வேயிலோ வேலை கிடைத்தால் அந்த அணிக்கு ஆடுவார்கள், தீவுக்கு மறுபடி கையில் பூஜ்யம். லீட்ரிமின் கதையும் இதுதான். 1841-இல் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள் பஞ்சத்திலும் கப்பலிலும் கரைந்து இன்று இந்த அளவு. இந்த ஒழுக்கை அடைக்க யாராலும் முடியாது. அடைக்க முயல்வதும் அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். ஆனால் லீக் என்பது ஒரு தலைமுறைப் பதினோரு பேரைக் கட்டிக் காப்பதற்காக அல்ல. ஒருவன் போனால் அவன் இடத்துக்கு ஆட்டம் பழகிய இன்னொருவன் தயாராக இருப்பதற்காக. இன்றைய நிலையில் இருபது பேரைத் தேடிப் பிடித்து முகாமில் சேர்க்கிறார்கள். அதில் நாலு பேர் போனால் அணி சரிந்துவிடும். கட்சால் தீவில், ஸ்ரீலங்காவிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் நிகோபாரியப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு அணி அமைத்து, கமோர்ட்டாவோடு ஆண்டுக்கு நாலு ஆட்டம் ஆடினால், அதிலிருந்து மாநில அணிக்கு ஒருவன்கூட வராமல் போகலாம். ஆனால் அந்தக் கட்சால் அணியில் இடம் பிடிக்கவே ஒரு போட்டி இருந்திருக்கும். தீவுகளின் கால்பந்துச் சங்கம் அடுத்த முறை கோச்சை மாற்றுவது பற்றி யோசிக்கும்போது, அந்தச் சம்பளத்தில் கட்சாலுக்கும் கமோர்ட்டாவுக்கும் எத்தனை கப்பல் டிக்கெட் எடுக்கலாம் என்றும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.